மஞ்சுவிரட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

செட்டிநாட்டு ஊர்களில் மஞ்சுவிரட்டில், அதாவது திறந்த பொட்டலில் அவிழ்த்துவிடும் காளைகளைப் பிடிக்கும் ஆட்டத்தில், மாடு பிடித்துப் பெயர் வாங்கிய ஒருவர் இறந்துவிட்டால், அன்று மாலைக்குள் முக்குரோட்டில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறிவிடுகிறது. அவருடைய படம், பக்கத்தில் சீறி வரும் ஒரு காளை, 'களம் கண்ட மாவீரர்' என்று ஒரு வரி, கீழே நண்பர்களின் பெயர்கள் என்பதோடு அது முடிந்துவிடும். கருமாதி கழிந்து சில வாரங்களில் அந்தப் பதாகை வைக்கோல் படப்புக்கு மூடாக்காகப் போய்விடும். அதன்பின், அவருடைய பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிப்பதற்கு ஊரில் ஒரு காகிதம்கூட மிஞ்சுவதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் பொட்டலில் நின்ற ஒரு மனிதருக்கு இது போதாது என்பது என் உறுதியான எண்ணம். எழுதிப் பழக்கமில்லாத மகனோ மகளோ மருமகனோ அக்கம்பக்கத்தாரோ, இருபது முப்பது பக்கங்களில் அவருடைய வாழ்க்கையை நம்பத்தக்க முறையில் எழுதி வைப்பதற்கான வழிகளையே இங்கே சொல்கிறேன்.

இப்படி எழுதி வைப்பது நமக்குப் புதியதும் அன்று. சேலம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு நடுகல், கருவந்துறையில் 'எருது விளையாடிப் பட்டான்' சங்கன் என்பதையும், அந்தக் கல்லை நட்டவன் அவன் மகன் பெரிய பயல் என்பதையும் சொல்கிறது. அதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. யார், எந்த ஊரில், என்ன செய்து இறந்தார், நினைத்துக் கல் நட்டது யார் என்ற நான்கு செய்திகள் மட்டுமே அதில் உள்ளன. அந்த நான்கினால்தான் அவன் இன்றைக்கும் அறியப்படுகிறான். நீங்கள் எழுதப்போகும் முதல் பக்கத்திலும் இந்த நான்கும் பிழையின்றி இருக்க வேண்டும்.

யாரிடம் முதலில் போவது

கருமாதி முடிந்த பிறகு தொடங்கி, முதல் ஆண்டுத் திவசத்துக்குள் முடிப்பது நல்லது. அதற்கு மேல் தள்ளினால் கேட்கப்பட வேண்டியவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள். எனவே பட்டியல் போடும்போது நெருக்கத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். இறந்தவரைவிட மூத்தவர்கள், அவரைச் சிறு பையனாகப் பொட்டலில் பார்த்தவர்கள், முதலில் வர வேண்டும். மனைவியும் உடன்பிறந்தவர்களும் அடுத்து வரலாம். கூட்டாளிகளிடம் கடைசியில் போனாலும் குற்றமில்லை. அவர்கள் எப்போதும் பேசுவார்கள்.

போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, பதிவு செய்வதைச் சொல்லிவிட்டே பேசத் தொடங்குங்கள். பெரியவர்கள் முதல் கால்மணி நேரம் ஊருக்குச் சொல்லும் கதையைச் சொல்வார்கள். அதை இடையில் மறிக்க வேண்டாம். அது முடிந்து, காப்பி குடித்து, பேச்சு தளர்ந்த பிறகு வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயராகவே அன்றிரவே இட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப் போட்டால் எந்தக் குரல் யாருடையது என்பதே பின்னால் குழம்பிப் போகும்.

ஆண்டுகளை நிலைநிறுத்துதல்

நம் பெரியவர்கள் ஆண்டைச் சொல்வதில்லை. கண்மாய் உடைந்த வருஷம், மூத்தவளுக்குக் காது குத்திய வருஷம், செவலை மாடு செத்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். இந்த நினைவுகளை ஏளனமாக எண்ணாமல், உறுதியாகத் தெரிந்த சில ஆண்டுகளோடு பிணைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சுவிரட்டைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட ஆண்டுகள் நமக்குக் கிடைக்கின்றன. 2009இல் தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே 2015, 2016 ஆகிய இரண்டு பொங்கலுக்கும் சட்டப்படி வாடிவாசலும் இல்லை, மாடுகளை அடைத்து அவிழ்க்கும் தொழுவும் இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் தொடங்கிய போராட்டத்தின் முடிவில் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து திருத்தச் சட்டமும் வந்தன. 2023 மே 18 அன்று அந்தத் திருத்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'தடைக்கு முன்னா, பின்னா?' என்ற ஒரே கேள்வியில் பல நிகழ்ச்சிகள் தாமாகவே தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதைக் காண்பீர்கள்.

தடைக் காலத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். தை பிறந்தும் போவதற்குப் பொட்டல் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார், மாடு வைத்திருந்தால் விற்றாரா, வைத்துத் தீனி போட்டாரா, 2017இல் அவருடைய வயது அவரை மறுபடி இறங்கவிட்டதா என்பவை, பிடித்த மாடுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவரை நன்றாகக் காட்டும். தடை வருமுன் கடைசியாக இறங்கி, தடை நீங்கியபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் இந்தப் பகுதியில் பலர் உண்டு. இறங்க முடியாமல் போன அந்த முதல் தையை எழுதாமல் விட்டால் அவர்களின் வரலாறு பாதிதான்.

சான்றிதழ்களில் ஊர்ப் பெயரைப் பார்க்கும்போது ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. 1997 வரை அதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் திருமகன் மாவட்டம் என்று பெயர். புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமானது. ஒரே மனிதரின் பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் இருப்பது பிழை அன்று. தேதி இல்லாத காகிதத்தின் காலத்தை அறிய அதுவே உதவும்.

பொட்டலில் நடந்ததைக் கேட்டு எழுதுதல்

இந்தப் பகுதிதான் எளிதில் எழுதக்கூடியது போலத் தோன்றும். உண்மையில் இதில்தான் பெரும்பாலான நினைவுக் குறிப்புகள் கெட்டுப்போகின்றன. 'பல காளைகளை அடக்கியவர்' என்று எழுதிவிட்டால், படிப்பவர் கண்முன் அலங்காநல்லூர் வாடிவாசல்தான் வரும். தொலைக்காட்சியில் அதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்து மஞ்சுவிரட்டின் அமைப்பு வேறு. தொழுவிலிருந்து அவிழ்க்கப்படும் மாடுகள் ஒருபுறம் வரும். தொழுவுக்கு வராமல் சுற்றியுள்ள வயலிலும் பொட்டலிலும் அங்கங்கே அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகள் இன்னொரு புறம் ஓடும். மாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்பது யாருக்கும் தெரியாது. தை மாதம் மூன்றாம் நாள் சிராவயலில் நடப்பதும், பொங்கலை ஒட்டிக் கண்டுப்பட்டியில் அந்தோணியார் ஆலயத் திருவிழாவில் நடப்பதும், மாசி மகத்தன்று சிங்கம்புணரிக்கு அருகே அரளிப்பாறையில் நடப்பதும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் தரையும் கூட்டமும் முறையும் வேறு வேறு. வடமாடு என்பது முற்றிலும் வேறான ஆட்டம்: நீண்ட வடத்தில் கட்டிய ஒரு காளையைக் குறித்த நேரத்துக்குள் பிடிக்க ஒன்பது பேர் கொண்ட குழு இறங்கும். உங்கள் மனிதர் இவற்றில் எதில் இறங்கினார், எந்த ஊர்களில், எந்த வயதில் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டுமாட்டில் பெயர் வாங்கியவரை வாடிவாசல் வீரராக எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பிறகு உடலைப் பற்றிக் கேளுங்கள். மாட்டை எந்தப் பக்கத்திலிருந்து அணைவார், திமிலை ஒரு கையால் வளைப்பாரா, இரு கையையும் கோத்து நெஞ்சோடு சேர்த்து அமுக்குவாரா, நின்று குத்துகிற மாட்டைத் தேடிப் போவாரா, ஓடுகிற மாட்டை விரும்புவாரா, பிடியை விடும்போது எந்தத் திசையில் உருள்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாதவர்கள் எழுந்து செய்து காட்டுவார்கள். அதை அப்படியே பார்த்து எழுதுங்கள். எழுபது வயதுக் கூட்டாளி ஒருவர் திண்ணைத் தூணைத் திமிலாக எண்ணி அணைத்து, இடது தோளைத் தாழ்த்தி, தலையை மாட்டின் முதுகுப் பக்கம் சாய்த்துக் காட்டும்போது, கொம்பு எந்தப் பக்கம் வீசினால் எது தப்பும் என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, மாட்டுக்காரர்களின் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதாகும். தன் மாட்டைப் பிடித்தவரையும் பிடிக்க முடியாமல் விழுந்தவரையும் மாட்டுக்காரர் மறப்பதில்லை. கூட்டாளிகள் அன்பினால் கூட்டிச் சொல்வார்கள். மாட்டுக்காரர் தன் மாட்டின் பெருமைக்காக ஒவ்வொரு பிடியையும் அளந்து வைத்திருப்பார். அந்தக் காரிக் காளையை அவர் பிடித்தாரா, திமிலைத் தொட்டதோடு சரியா என்று அங்கேதான் உறுதியாகத் தெரியும். பிடிபடாத மாடுகளின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மூன்று தை தொடர்ந்து ஒரே மயிலைக் காளையிடம் தோற்று, நான்காவது தையிலும் அதன் முன்னால் போய் நின்றவர் என்று எழுதுவதில் உள்ள பெருமை, 'தோல்வியே அறியாதவர்' என்பதில் இல்லை. அப்படி எவரும் இருந்ததில்லை என்பது பொட்டலுக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

மாடுகளுக்கு நேர்ந்த துன்பத்தையும் மறைக்க வேண்டாம். வாலை முறுக்கியது, கூட்டமாக விழுந்து அமுக்கியது போன்றவை ஒரு காலத்தில் நடந்தன. அவர் அவற்றைச் செய்தாரா, கண்டித்தாரா என்பது அவர் குணத்தைப் பற்றிய செய்தி. அதேபோல் தொழுவில் முதல் மரியாதை யாருக்கு, ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் சுமந்து வரும் வேட்டி துண்டு எந்த வரிசையில் மாடுகளுக்குக் கட்டப்படும் என்பதில் எழுந்த பிணக்குகளை, உயிரோடு இருப்பவர்களின் பெயரைக் குறிப்பிடாமல், நடந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

வீட்டில் இருந்தவர்கள்

மஞ்சுவிரட்டுக் கதைகளில் பெண்கள் வருவதே இல்லை. ஆனால் அவர் காலையில் புறப்பட்டுப் போனதிலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்வரை வீட்டில் நடந்தது முழுவதும் அவர்களுக்கு மட்டுமே தெரியும். மனைவியிடம், 'அப்பத்தா, ஐயா எப்படிப்பட்ட வீரர்?' என்று கேட்டால், 'நல்லாப் பிடிப்பாக' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். 'அப்பத்தா, ஐயா கிளம்புற அன்னைக்குச் சொல்லிட்டுப் போவாகளா, சொல்லாமப் போவாகளா?' என்று கேளுங்கள். 'அடிபட்டுட்டாகன்னு சேதி வந்தப்ப அடுப்புல என்ன இருந்துச்சு?' என்று கேளுங்கள். அடுப்பில் இருந்தது நினைவுக்கு வந்துவிட்டால் அந்த நாள் முழுவதும் வந்துவிடும்.

ஒப்பாரியைக் கவனியுங்கள். இறப்பு வீட்டில் அக்கா தங்கைகளும் மருமக்களும் பாடிய வரிகளில், அவர் வாங்கி வந்த அண்டா, கட்டிக்கொண்ட பச்சைத் துண்டு, கடைசியாகப் போன பொட்டல் எல்லாம் இருக்கும். வேறு எவரும் சொல்லாத செய்தி அங்கே கிடைப்பதுண்டு. ஆனால் துக்க வீட்டில் கைப்பேசியை நீட்டுவது தகாது. சில மாதம் கழித்து, பாடியவரிடமே போய், விருப்பமிருந்தால் நினைவில் உள்ள வரிகளைச் சொல்லும்படி கேட்டுக்கொள்வதே முறை. மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

காயங்களைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். மாட்டுக் குத்து பெரும்பாலும் தொடையிலும் அடிவயிற்றிலும் விழும். தொடையின் உட்புறத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். எந்தக் காயம், எந்த ஆண்டு, காரைக்குடிக்குக் கொண்டு போனார்களா, மதுரைக்கா, யாருடைய வண்டியில், செலவுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை, அந்த மாதங்களில் குடும்பம் எப்படி ஓடியது என்பவற்றை எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் தேதி உறுதியாகும். வீட்டார் நகையை அடகு வைத்த சீட்டு இருந்தால் அதுவும் அவருடைய மஞ்சுவிரட்டு வாழ்க்கையின் ஆவணமே.

மற்ற நாட்கள்

தையும் மாசியும் போக ஆண்டில் மீதி நாட்களில் அவர் என்னவாக இருந்தார்? உழவராகவோ, லாரி ஓட்டுநராகவோ, வளைகுடாவில் கட்டடத் தொழிலாளியாகவோ, வெளியூரில் முறுக்குப் போடுபவராகவோ இருந்திருப்பார். அந்தத் தொழிலையும் பொட்டலை எழுதிய அதே அக்கறையோடு எழுதுங்கள். அவர் ஆத்தங்குடியில் தரைக்கல் போடுபவராக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சாந்தைச் சிந்தாமல் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் கலந்து தூவி, அமுக்கி மட்டப்படுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் வேலைக்கு நடுங்காத கை வேண்டும். திமிலைப் பற்றிய கையும் அதே கை என்று நீங்கள் சொல்லாமலேயே படிப்பவர் உணர்ந்துகொள்வார். வெளிநாட்டில் இருந்தவராயின், தைக்கு விடுப்புக் கிடைக்காத ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களையோ பேசி அனுப்பிய ஒலிநாடாக்களையோ தேடிப் பாருங்கள்.

பொருள்களும் படங்களும்

பரிசாக வந்த பித்தளை அண்டா, குடம், தவலை ஆகியவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் வழக்கத்தால், விளிம்பின் கீழே புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரும், ஊரும், சில நேரங்களில் ஆண்டும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தால், சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, மெல்லிய தாளை மேலே விரித்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் எழுத்து தெரியும். அதைப் படம் எடுத்து, அண்டாவின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே பகல் வெளிச்சத்தில், பளிச்சொளி (ஃபிளாஷ்) இல்லாமல், நேர் மேலிருந்து படம் எடுங்கள். பழைய படங்களை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் பிரிக்கவே முடியாது. படத்தின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளூர் ஸ்டுடியோக்காரர்கள் மஞ்சுவிரட்டை ஒளிநாடாவில் எடுத்து விற்ற காலம் ஒன்று உண்டு. அவை பூசணம் பிடிப்பதற்குள் கணினிக் கோப்பாக மாற்றி வாங்குங்கள். அச்சடித்த நோட்டீஸ்கள், நன்கொடை இரசீதுகள் எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். நம் கோட்டையூரில் இருந்து ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவற்றில் நூல்களோடு அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் இருந்தன. அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நூலகத்தில் இன்று அறிஞர்கள் அவற்றைத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். பொங்கலுக்கு அடுத்த நாட்களின் பழைய செய்தித்தாள்களை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எழுதும்போது

முழு வாழ்க்கையையும் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்ல முயல வேண்டாம். ஆண்டுக் குறிப்பை இரண்டு பக்கத்தில் தனியே கொடுத்துவிட்டு, நன்றாகச் செய்தி கிடைத்த நான்கைந்து நாட்களை மட்டும் விரிவாக எழுதுங்கள். 'அஞ்சா நெஞ்சர்' என்று எழுதத் தோன்றும் இடத்தில் அவர் அன்று செய்த ஒரு செயலை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி:

'பிடித்த மாட்டின் கழுத்தில் இருந்த வேட்டியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாடு கண்மாய்க் கரைப் பக்கம் ஓடியதால் மாட்டுக்காரரோடு சேர்ந்து தானும் தேடப் போனார். மாடு கிடைத்தபோது இருட்டிவிட்டது. அன்றிரவு மாட்டுக்காரர் வீட்டில் சாப்பிட்டார். அந்த வீட்டுத் திருமணத்துக்குப் பிற்காலத்தில் பந்தல்கால் ஊன்றியவரும் அவரே.'

பேசியவர்களின் சொற்களை அவர்கள் சொன்ன வழக்கிலேயே மேற்கோளாகக் கொடுங்கள்; உங்கள் நடையைத் தெளிவான எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் வேறுபடச் சொன்னால், இரண்டையும், யார் எதைச் சொன்னார் என்பதோடு எழுதுங்கள். குடி, கடன், காவல் நிலைய வழக்கு போன்றவற்றை எழுதுவதா விடுவதா என்பதை மனைவி மக்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் விட்டுவிட முடிவு செய்த இடத்தில் அதற்கு மாறான பொய்யைப் போட்டு நிரப்பக் கூடாது.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். முதல் ஆண்டுத் திவசத்தன்று, சாப்பாடு முடிந்து உறவினர்கள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். 'அது செவலை இல்லை, காரி' என்று யாராவது எழுவார்கள். 'அந்தத் தையில் அவன் ஊரிலேயே இல்லை' என்று இன்னொருவர் சொல்வார். ஓரம் விட்டு எழுதிய தாளில் ஒவ்வொரு திருத்தத்தையும் சொன்னவர் பெயரோடு குறித்துக்கொண்டு, மாட்டுக்காரர்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி, ஊர் நூலகத்துக்கு ஒரு படி, அவர் மாடு பிடித்த ஊர்களின் நாட்டார்களிடம் ஒரு படி கொடுங்கள். ஒலிப்பதிவுகளையும் படங்களையும் ஒரு பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் போட்டு, கடவுச்சொல்லைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.